மூச்சின் முகத்துவாரம்

கொள்ளைநோய்க் காலத்திற் கழுத்துக் காயமும் அதன் சிகிச்சையும்

திருகோணமலையின் சிறப்பைப் பேச முற்படுவோர் முதலிற் குறிப்பிடுவது அதன் இயற்கைத் துறைமுகத்தையே. கொட்டியாரக் குடாவின் விரிந்த நீர்ப்பரப்பிலிருந்து ஒடுங்கிய வாயிலொன்றின் வழியே உள்ளே நுழையும் கப்பல், சூழ நிற்கும் குன்றுகளின் அணைப்பிலே காற்றுக்கும் அலைக்கும் அஞ்சாது நங்கூரமிடுகின்றது. வாயில் ஒடுக்கமாக இருப்பதே அத்துறைமுகத்தின் பாதுகாப்பு. அதுவே அதன் அபாயமும் ஆகும். வாயில் அடைபட்டுவிட்டால் உள்ளே இருப்பது எத்துணை ஆழமான துறைமுகமாயினும் பயனில்லை.

துறைமுகத்தை அடுத்து வாழும் மக்கள் அறிந்த உண்மை இன்னொன்றும் உண்டு. வாயிலின் வழியே சரக்கு மட்டும் வருவதில்லை, நோயும் வரும். அதனாலேயே இலங்கையில் 1897 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தனிமைப்படுத்தல், நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. நோய் உண்டோ என்று ஐயம் எழுந்த கப்பலைத் தடுத்து நிறுத்திச் சோதிக்கும் அதிகாரத்தை அது அளித்தது. நூறாண்டுகளுக்கு மேல் கடந்து, 2020 இல் கொவிட்-19 என்னும் கொள்ளைநோய் நாட்டுக்குள் நுழைந்தபோதும், அரசாங்கம் கையில் எடுத்தது இதே பழைய சட்டத்தைத்தான்.

மனித உடலுக்கும் இத்தகைய முகத்துவாரம் ஒன்று உண்டு. அது நமது தொண்டை. உயிரைக் காக்கும் காற்றும் உயிரைக் குடிக்கும் கிருமியும் அந்த ஒரே வாசலால்தான் போய்வருகின்றன. அவ்வாசல் விபத்தொன்றிற் கிழிந்து, அதே வேளையில் மூச்சினாற் பரவும் கொள்ளைநோயும் ஊரிலே உலவுமானால், வைத்தியர் என் செய்வார்? காயமுற்றவனைக் காப்பதா, காக்கும் கைகளைக் காப்பதா? சென்ற கொள்ளைநோயின்போது உலகெங்கும் வைத்தியசாலைகளில் எழுந்த இக்கேள்விக்கு விடை கிடைத்த விதத்தை நம் குடும்பத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நன்று. ஏனெனில் அவ்விடையில் வீட்டாருக்கும் ஒரு பங்கு உண்டு.

குழாயின் அமைப்பு

கழுத்தின் முன்புறத்தை விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். ஆண்களிடத்தில் முனைப்பாகத் தெரியும் மேடே குரல்வளையின் முன்புறம். கேடயம் போன்ற கசியிழையத் தகடு ஒன்று அங்கே குரல்நாண்களைக் காத்து நிற்கின்றது. அதன் கீழே மோதிரம் போன்ற முழு வளையம் ஒன்று உண்டு. அதற்கும் கீழே தொடங்குவதே மூச்சுக்குழாய். பள்ளி மாணவர் தம் பாடநூலில் வாதனாளி என்று படிப்பது இதனையே. வளர்ந்தவரிடத்தில் இக்குழாயின் நீளம் 10 முதல் 12 சென்ரிமீற்றர். அகலம் ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர். பதினாறு முதல் இருபது வரையான கசியிழைய வளையங்கள் அதனை மடிந்து போகாமல் தாங்கி நிற்கின்றன. இவ்வளையங்கள் முழு வட்டமல்ல. பின்புறம் திறந்த லாடத்தின் வடிவின. பின்னாலிருக்கும் உணவுக்குழாய் சோற்றுக் கவளத்துக்கு இடங்கொடுத்து விரிவதற்காக இயற்கை செய்த ஏற்பாடு அது.

இத்துணைச் சிறிய குழாயை நம்பியே நாம் நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது தடவை மூச்சு விடுகின்றோம். அது முற்றாக அடைபட்டால், நான்கைந்து நிமிடங்களில் மூளை பழுதடையத் தொடங்கும். குழந்தைகளிடத்தில் நிலைமை இன்னும் நெருக்கடியானது. கைக்குழந்தையின் மூச்சு வழி 4 மில்லிமீற்றர் அகலமுடையது என்று கொள்வோம். அதன் உட்சுவர் சுற்றிலும் 1 மில்லிமீற்றர் வீங்கினால் எஞ்சும் அகலம் 2 மில்லிமீற்றர். அகலம் பாதியானால் பரப்பு காற்பங்காகும். காற்றுக்கு ஏற்படும் தடையோ பதினாறு மடங்காகும். கணக்குப் படிக்கும் மாணவர் இதனைத் தாமே சரிபார்க்கலாம். பெரியவருக்குச் சிறு வீக்கமாகத் தோன்றுவது குழந்தைக்கு உயிராபத்தாவதன் காரணம் இதுவே.

காயம் எவ்வாறு நேர்கின்றது?

கழுத்து, தாடையாலும் மார்பெலும்பாலும் ஓரளவு காக்கப்பட்டிருப்பதால், மூச்சுக்குழாய்க் காயம் அடிக்கடி நேர்வதன்று. ஆயினும் நேரும்போது அது அற்பமாக இருப்பதில்லை. மோட்டார் சைக்கிளில் விரைந்து செல்பவரின் கழுத்து, குறுக்கே கட்டப்பட்ட கயிற்றிலோ கம்பியிலோ மோதலாம். விபத்தின்போது வண்டியின் கைப்பிடியோ சுக்கானோ குரல்வளையை நசுக்கலாம். துறைமுகத்திலும் மீன்பிடித் துறைகளிலும் இழுபட்டு அறும் வடம் சாட்டை போல் வீசியடிக்கலாம். கண்ணாடித்தூள் பூசிய பட்டநூல் கழுத்தை அறுப்பதும் உண்டு. இந்தியாவில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017 இல் செயற்கை இழையாலான அத்தகைய நூலைத் தடை செய்தமைக்கு மனிதரும் பறவைகளும் இவ்வாறு காயமுற்றதே காரணம்.

நம் பெண்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மோட்டார் சைக்கிளின் பின்னால் அமர்ந்து செல்லும்போது காற்றிற் பறக்கும் துப்பட்டாவோ சேலைத் தலைப்போ சில்லிற் சிக்கினால், கணப்பொழுதிற் கழுத்து இறுகிவிடும். உலகப் புகழ் பெற்ற நடனமாது இசடோரா டங்கன், 1927 செப்டெம்பர் 14 ஆம் நாள், பிரான்சின் நீஸ் நகரில் உயிர் நீத்தது இவ்வாறுதான். அவரது நீண்ட கழுத்துத் துணி மோட்டார் வண்டியின் சில்லிற் சுற்றிக்கொண்டது.

கடலோர மக்களுக்கே உரிய அபாயமும் உண்டு. முரல் மீனை அறியாத மீனவர் இல்லை. ஊசி போற் கூரிய அலகும் ஒல்லியான உடலும் கொண்ட அம்மீன் இரவில் வெளிச்சத்தைக் கண்டால் நீரைக் கிழித்துக்கொண்டு பாயும் இயல்புடையது. இந்தோனேசியாவின் சுலவேசிப் பகுதியிலுள்ள பூட்டன் தீவில், 2020 சனவரியில், இரவு மீன்பிடிக்கச் சென்ற பதினாறு வயதுச் சிறுவன் ஒருவனின் கழுத்தை இவ்வாறு பாய்ந்த மீன் ஒன்று ஊடுருவிவிட்டது. உடன் சென்ற நண்பன், மீனைப் பிடுங்காதே என்று தடுத்தான். சிறுவன் மீனைக் கையால் தாங்கியபடியே நண்பனின் துணையோடு கரைக்கு நீந்தினான். அருகிலிருந்த வைத்தியசாலையினர் அலகைப் பிடுங்க முற்படாது, வெளியே நீண்டிருந்த உடலை மாத்திரம் வெட்டிவிட்டு, அவனை மக்காசர் நகரின் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பினர். அங்கே நிபுணர் பலர் கூடிச் சத்திரசிகிச்சை செய்து அலகை அகற்றினர். சிறுவன் பிழைத்தான். அவன் உயிரைக் காத்ததில் வைத்தியரின் கத்திக்கு எவ்வளவு பங்குண்டோ, அவ்வளவு பங்கு, பிடுங்காதே என்ற நண்பனின் சொல்லுக்கும் உண்டு.

வீட்டுக்குள்ளேயும் தொண்டை காயமுறுகின்றது. மீன் உண்ணும் நம் ஊர்களில் முள் தைப்பது புதுமையன்று. சோற்றுருண்டையையும் வாழைப்பழத்தையும் விழுங்கி முள்ளை இறக்குவது வழக்கம். முள் சிறிதாயின் போய்விடலாம். கூரியதாயின் இன்னும் ஆழமாகத் தைத்து, சுவரைத் துளைத்துச் சீழ்க்கட்டுக்கு இடமளிக்கும். நோவு தணியாதிருப்பின், எச்சில் விழுங்க இயலாதிருப்பின், காய்ச்சலோ கழுத்து வீக்கமோ காணின், அது வீட்டு வைத்தியத்தின் எல்லையைக் கடந்துவிட்டது என்று உணர வேண்டும்.

கொள்ளைநோய்க் காலத்தில் ஆவி பிடித்தலும் பெருவழக்காயிற்று. கொதிநீர்ப் பாத்திரத்தைக் குழந்தையின் முன் வைத்துப் போர்வையால் மூடுவதில் உள்ள அபாயத்தைப் பலர் எண்ணிப் பார்க்கவில்லை. இங்கிலாந்தின் பர்மிங்காம் சிறுவர் வைத்தியசாலை, 2020 இல் ஆவி பிடிக்கும்போது வெந்நீர் கொட்டிப் புண்பட்டு வந்த குழந்தைகளின் தொகை முந்திய காலத்தைவிட முப்பது மடங்காக உயர்ந்ததென அறிவித்தது. ஆவி கிருமியைக் கொல்வதில்லை. ஆனால் கொதிநீர் குழந்தையின் முகத்தையும் தொண்டையையும் வேகச் செய்யும்.

அடையாளங்களும் முதலுதவியும்

கழுத்திலே அடிபட்ட ஒருவர், காயம் வெளியே தெரியவில்லை என்பதால், ஒன்றுமில்லை என்று எழுந்து நடக்கக்கூடும். உள்ளே வீக்கம் வளர்வதற்குச் சில மணி நேரம் செல்லலாம். ஆகவே பின்வரும் அடையாளங்களை மனத்திற் பதித்தல் வேண்டும். குரல் கம்முதல் அல்லது மாறுதல், மூச்சை உள்ளே இழுக்கும்போது சீழ்க்கை போன்ற ஒலி எழுதல், இருமலில் இரத்தம் காணுதல், விழுங்கும்போது நோவு, கழுத்துத் தோலை அழுத்தினால் நொறுநொறு என்று உணர்தல், மல்லாந்து படுக்க மறுத்தல். தோலின் கீழே நொறுங்குவது போன்ற அவ்வுணர்வு, கிழிந்த குழாயிலிருந்து காற்றுக் கசிந்து பரவியிருப்பதன் அறிகுறியாகும்.

இத்தகையவருக்குச் செய்ய வேண்டியவை சிலவே, செய்யலாகாதவை பல. உட்கார்ந்தபடி முன்னே சாய்ந்திருப்பதே மூச்சுக்கு இதமாக இருக்கிறதென்று அவர் உணர்ந்தால், வற்புறுத்திப் படுக்க வைக்கலாகாது. வாகன விபத்தாயின் கழுத்தெலும்பும் முறிந்திருக்கலாம் என்பதால், தலையைத் திருப்பாமல் நேராகத் தாங்கிப் பிடித்தல் வேண்டும். இரத்தம் பெருகும் இடத்தைத் தூய துணியை வைத்துக் கையால் அழுத்த வேண்டுமேயன்றிக் கழுத்தைச் சுற்றிக் கட்டுப் போடலாகாது. புண்ணிலிருந்து காற்றுக் குமிழி வருமாயின் அத்துளையைத் துணி திணித்து அடைத்துவிடலாகாது. தைத்து நிற்கும் பொருளைப் பிடுங்கவே கூடாது. தண்ணீரோ கோப்பியோ கொடுக்கக் கூடாது. திரைப்படத்திற் கண்டதை நம்பிப் பேனாக் குழாயாற் கழுத்தைத் துளைக்க முயல்வது பெருந்தவறு. உடனே செய்ய வேண்டியது, நோயாளியை விரைந்து வைத்தியசாலையிற் சேர்ப்பதே.

இம்மாவட்டத்தில் விரைவு என்பது எளிதில் வாய்த்த பேறன்று. வடக்கே புல்மோட்டை முதல் தெற்கே வெருகல் வரை நீண்டு கிடக்கும் கரை. இடையிடையே ஆறுகளும் களப்புகளும். கிண்ணியாவில் 396 மீற்றர் நீளமான பாலம் 2009 இல் திறக்கப்படும்வரை, அக்கரையிலுள்ளோர் பட்டணத்துக்கு வருவதற்கு ஓடத்தை எதிர்பார்த்திருந்தனர். இன்று கிண்ணியாவிலும் மூதூரிலும் கந்தளாயிலும் ஆதார வைத்தியசாலைகளும், பட்டணத்தில் மாவட்டப் பொது வைத்தியசாலையும் உள்ளன. 1990 என்னும் எண்ணை அழைத்தால் வரும் இலவச அம்புலன்ஸ் சேவை, 2016 இல் இந்திய உதவியுடன் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பின்னர் ஏனைய மாகாணங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. அந்த எண்ணை வீட்டுச் சுவரில் எழுதி வைத்தல் வீண் வேலையன்று.

வைத்தியர் செய்வது யாது?

கழுத்துக் காயத்துடன் வருபவருக்கு வைத்தியர் முதலிற் பார்ப்பது இரத்தத்தையன்று, மூச்சையே. சாதாரண நோயாளிக்கு மூச்சுத் திணறினால் வாய் வழியே குழாயொன்றை மூச்சுக்குழாய்க்குள் செலுத்துவர். ஆனால் குழாய் பாதி கிழிந்திருக்கையில் கண்ணுக்குத் தெரியாமற் செலுத்தப்படும் அக்கருவி, கிழிசலுக்கு வெளியே வழி தவறிப் போகலாம். பாதி அறுந்ததை முற்றாக அறுத்தும் விடலாம். ஆதலால் குரல்வளை கடுமையாக நசுங்கியவருக்கு, அவர் விழித்திருக்கும்போதே கழுத்தின் கீழ்ப்பகுதியை மாத்திரம் மரக்கச் செய்து, காயத்துக்குக் கீழே மூச்சுக்குழாயைத் திறந்து, அதனூடே குழாய் வைப்பதே பல வேளைகளிற் சிறந்த வழியாகும். நோயாளி தாமாக விடும் மூச்சு நிற்பதற்கு முன், புதிய வாசலொன்று திறந்துவிடுகின்றது.

மூச்சு உறுதியான பின்னரே மற்றவை. வளையும் நோக்குக் கருவியால் உட்புறத்தைப் பார்ப்பர். நிலைமை இடந்தந்தால் கணினிப் படம் எடுப்பர். சிறு வீக்கமும் கீறலும் மட்டுமாயின், தலையை உயர்த்தி வைத்துப் படுக்கை, ஈரக் காற்று, பேசாதிருத்தல், ஒரு நாளேனும் இடைவிடாத கண்காணிப்பு ஆகியன போதும். கசியிழையம் உடைந்திருப்பின், பொதுவாக 24 மணி நேரத்துக்குள் சத்திரசிகிச்சை செய்து பொருத்தினால் குரலும் மூச்சும் நன்கு மீளும். முற்றாக அறுந்த மூச்சுக்குழாயின் இரு முனைகளையும் இழுத்து வந்து தைப்பதும் உண்டு. அத்தையல் இழுபடாதிருக்கும் பொருட்டு, மோவாயை மார்போடு சேர்த்துத் தையலிட்டு, நோயாளி சில நாள் குனிந்த தலையுடனேயே இருக்குமாறு செய்வர்.

கொள்ளைநோய் வந்தபோது

இலங்கையில் முதலாவது கொவிட் நோயாளி 2020 சனவரி 27 ஆம் நாள் இனங்காணப்பட்டார். மார்ச் 11 ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் இதனைப் பெருந்தொற்று என அறிவித்தது. மார்ச் 20 இல் நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறந்தது. வீதிகள் வெறிச்சோடின. ஆயினும் விபத்து ஊரடங்குக்குக் கட்டுப்படுவதில்லை.

மேலே கூறிய சிகிச்சைகளை இக்காலத்தோடு பொருத்திப் பாருங்கள். கிருமி குடியிருப்பது மூக்கிலும் தொண்டையிலும் நுரையீரலிலும். பரவுவதோ மூச்சாலும் இருமலாலும். மூச்சுக்குழாயைத் திறக்கும் வைத்தியரின் முகம் அத்திறப்பிலிருந்து ஒரு முழத் தூரத்திலும் இல்லை. திறந்த கணத்தில் நோயாளி இருமுவார். இரத்தமும் சளியும் நுண்டுளிகளாய்ச் சிதறும். 2003 இல் பரவிய சார்ஸ் நோயின் அனுபவங்களைத் தொகுத்து 2012 இல் வெளிவந்த ஆய்வு, வாய் வழியே மூச்சுக்குழாய் செலுத்தியோருக்கு நோய் தொற்றும் வாய்ப்பு ஏனைய ஊழியரைவிட ஆறு மடங்குக்கு மேலும், கழுத்தைத் திறந்து குழாய் வைத்தோருக்கு நான்கு மடங்குக்கு மேலும் இருந்ததெனக் கணித்தது. வைத்தியர் அஞ்சியது வீண் அச்சமன்று.

இங்கிலாந்தின் பர்ட்டன் நகரில் காது, மூக்கு, தொண்டை நிபுணராகப் பணியாற்றிய அம்ஜத் எல்-ஹவ்ரானி 2020 மார்ச் 28 ஆம் நாள் இந்நோயால் இறந்தார். இலங்கையில் முதலாவது கொவிட் மரணம் நிகழ்ந்ததும் அதே நாளில்தான். நம் நாட்டிலே 2021 பெப்ரவரி 2 ஆம் நாள், ராகம வைத்தியசாலையிற் பணிபுரிந்த 32 வயதினரான வைத்தியர் கயான் தந்தநாராயண உயிர் நீத்தார். பிறர் மூச்சைக் காக்கப் புகுந்தோர் தம் மூச்சை இழந்த கதைகள் இவை.

கொவிட் நோயால் நெடுநாள் செயற்கைச் சுவாச இயந்திரத்தில் இருந்தோர்க்குக் கழுத்தைத் திறந்து குழாய் வைப்பதைப் பத்து நாளேனும் தள்ளிப் போடலாம் என்று அறிஞர் வழிகாட்டினர். நாட் செல்லச் செல்லக் கிருமியின் வீரியம் குறையும். ஆனால் குரல்வளை நசுங்கி வந்தவனுக்குப் பத்து நிமிடமும் தள்ளிப் போட இயலாது. அவனுக்குத் தொற்று உண்டோ இல்லையோ என்று அறியச் சில மணி நேரம் வேண்டும். அதுவரை அவன் உயிர் காத்திராது.

இந்நெருக்கடிக்கு வைத்திய உலகம் கண்ட விடை எளிமையானது. முடிவு தெரியாத நோயாளி ஒவ்வொருவரையும் தொற்றுள்ளவர் என்றே கருது. ஆயினும் சிகிச்சையை நிறுத்தாதே. சோதனைக்காகச் சிகிச்சை காத்திருக்கலாகாது. அவசரத்தைக் காட்டிக் காப்பைக் கைவிடவும் ஆகாது. அறையில் இன்றியமையாதோர் மாத்திரம் இருப்பர். பழகுவோர் ஒதுங்கி நிற்க, கைதேர்ந்தவரே கத்தியை எடுப்பார். என்95 முகக்கவசம், கண்ணாடி அல்லது முகமறைப்பு, நீர் புகா மேலங்கி, இரட்டைக் கையுறை ஆகியவற்றை ஒருவர் அணிய மற்றொருவர் சரிபார்ப்பர். மூச்சுக்குழாயைத் திறக்கும் கணத்தில், நோயாளி இயந்திரத்தின் துணையால் மூச்சு விடுபவராயின், அவ்வியந்திரத்தைச் சில விநாடிகள் நிறுத்தி வைப்பர். காற்று வீசாதபோது துளியும் வீசாது. குழாய் வைத்தவுடன் அதன் காற்றுப்பையை ஊதி, வடிகட்டி பொருத்தி, பின்னரே காற்றைத் திறப்பர். ஒவ்வோர் அடியையும் முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லி ஒத்திகை பார்ப்பர். முகக்கவசத்தின் உள்ளே இருந்து பேசுவது ஒருவருக்கொருவர் கேளாதல்லவா? இவற்றையெல்லாம் காற்றுப் புகாத அங்கிக்குள், வியர்வை கண்ணில் வழிய, நம் கீழைக்கரை வெப்பத்திற் செய்வது எத்தகைய தவம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இந்த ஒழுங்கு பயன் தந்தது. தக்க கவசத்துடன் கழுத்துத் திறப்புச் செய்த குழுவினரிடையே தொற்று மிக அரிதாகவே ஏற்பட்டதெனப் பின்னர் அறியப்பட்டது. 2020 இறுதியில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து ஆய்வாளர், சத்திரசிகிச்சைக் கூடத்திலே காற்றை அளந்து பார்த்து, ஒழுங்காகக் குழாய் செலுத்தும்போது எழும் நுண்டுளிகள் ஓர் இருமலில் எழுவதைவிட மிகமிகக் குறைவு என்று கண்டனர். அச்சம் முதலில் எச்சரித்தது. அளவை பின்னர் தெளிவித்தது. இரண்டும் வேண்டியனவே.

கோப்பன்ஹேகன் மாணவர்கள்

கொள்ளைநோயும் மூச்சுக்குழாயும் சந்தித்தது இதுவே முதன்முறையன்று. 1952 இல் டென்மார்க்கின் தலைநகரான கோப்பன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் கொடூரமாகப் பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்து பிளெக்டாம் வைத்தியசாலைக்கு வந்தோரிற் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் மாண்டனர். மயக்க மருந்து நிபுணரான பியோர்ன் இப்சன், ஆகஸ்ட் 27 ஆம் நாள், சாகுந்தறுவாயிலிருந்த பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் மூச்சுக்குழாயைத் திறப்பித்து, அதில் வைத்த குழாய் வழியே ரப்பர்ப் பையைக் கையால் அழுத்திக் காற்றூட்டினார். சிறுமி பிழைத்தாள். ஆனால் அத்தனை நோயாளருக்கும் போதிய இயந்திரங்கள் இல்லை. ஆகவே ஏறத்தாழ 1,500 மருத்துவ மாணவரும் பல்மருத்துவ மாணவரும் முறைபோட்டு, இரவு பகலாக, மாதக்கணக்கில், நோயாளியின் தலைமாட்டில் அமர்ந்து கையாற் பையை அழுத்தினர். இறப்பு வீதம் பாதியளவுக்குக் குறைந்தது. இன்று உலகெங்குமுள்ள தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் பிறப்பிடம் அந்த மாணவரின் கைகளே எனலாம்.

ஆறிய பின்னும் ஒரு வடு

கொள்ளைநோய் தந்த தொண்டைக் காயத்தில் இன்னொரு வகையும் உண்டு. அது விபத்தால் வந்ததன்று, சிகிச்சையால் வந்தது. வாரக்கணக்கில் இயந்திரத்தின் துணையால் மூச்சு விட்டோர் பலர். மூச்சுக்குழாயினுள்ளே குழாயை இறுக்கி நிற்கச் செய்யும் சிறு காற்றுப்பையின் அழுத்தம் 20 முதல் 30 சென்ரிமீற்றர் நீரளவுக்குள் இருத்தல் வேண்டும். அதனை மீறினால் உட்சுவருக்குச் செல்லும் இரத்தம் தடைப்பட்டுப் புண்ணாகும். புண் ஆறும்போது தழும்பு சுருங்கும், வழி ஒடுங்கும்.

இவ்வொடுக்கம் வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பிச் சில வாரங்களோ மாதங்களோ கழிந்த பின்னரே தலை காட்டும். படியேறினால் இளைப்பு, மூச்சிழுக்கும்போது ஒலி, துப்ப இயலாத சளி. வீட்டார் இதனை நோயின் மிச்சம் என்பர். சில வேளை ஆஸ்துமா என்றே மருந்தும் தொடரும். முன்பு இயந்திரத்தின் துணையால் மூச்சு விட்டவருக்கு ஆஸ்துமா மருந்துக்குப் பணியாத இளைப்பு வருமாயின், தொண்டை நிபுணரிடம் காட்டி, நான் இத்தனை நாள் குழாயுடன் இருந்தேன் என்று கூறுதல் வேண்டும். அந்த ஒரு வாக்கியம் சரியான வழியைத் திறந்துவிடும். ஒடுக்கத்தை விரித்தும், வேண்டின் ஒடுங்கிய துண்டை வெட்டி நீக்கித் தைத்தும் குணப்படுத்தலாம்.

வீட்டாரின் பங்கு

உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 ஆம் நாள் கொவிட் தொடர்பான அவசர நிலையை முடித்து வைத்தது. ஆயினும் மூச்சாற் பரவும் கொள்ளைநோய் இனி வாராதென்று எவரும் உறுதி கூறார். அது வரும்போது வீட்டார் செய்ய வேண்டியவை இரண்டு.

முதலாவது, அஞ்சித் தாமதியாமை. வைத்தியசாலைக்குப் போனால் தொற்று வந்துவிடும், தனிமைப்படுத்தி விடுவார்கள் என்று எண்ணி, கழுத்திலே அடிபட்டவனை விடியும்வரை பார்ப்போம் என்று வைத்திருப்பது, அவன் மூச்சோடு சூதாடுவதாகும். இரண்டாவது, மறையாமை. வீட்டிலே காய்ச்சற்காரர் இருந்தால், அந்த உண்மையை வாசலிலேயே சொல்லிவிட வேண்டும். சொன்னால் சிகிச்சை மறுக்கப்படும் என்ற அச்சத்தால் மறைப்போர் உண்டு. காப்போடு வரும் வைத்தியர் துணிவோடு வருவார். ஏமாற்றப்பட்ட வைத்தியர் நோயுற்றால், அடுத்த நாள் அதே வாசலில் வந்து நிற்கும் இன்னொரு குடும்பத்தின் பிள்ளைக்கு யார் மூச்சைத் திறந்து விடுவார்?

துறைமுக வாயிலிற் கப்பலை நிறுத்திச் சோதித்தது அதனைத் துரத்துவதற்காகவன்று. கரையிலுள்ளோரும் கப்பலிலுள்ளோரும் ஒருங்கே பிழைப்பதற்காகவே. நோய் உண்டென்று முன்கூட்டி அறிவித்த மாலுமியே தன் கப்பலையும் காத்தான், ஊரையும் காத்தான். இன்றிரவும் கொட்டியாரக் குடாவில் மீனவரின் விளக்குகள் மினுங்கும். அவர்களிலொருவர் காயத்தோடு கரை திரும்புவாராயின், அவரை ஏந்தும் கைகள் நடுங்காதிருக்க வேண்டும். அதற்கு வேண்டிய அறிவும் வாய்மையும் நம் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கட்டும்.